கைமுட்டிகள் தேர்ந்த மெத்தை

மெத்தைக் கடைக்குள் நுழையும் ஆடவர் அனைவரும் ஒரே செயலைச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். விரல்களை மடக்கிக் கைமுட்டியாக்கி மெத்தையின் நடுவில் ஓர் அழுத்து அழுத்துவார்கள். பிறகு தலையசைத்து, "நல்லா இருக்கு" என்பார்கள். யாருக்கு நன்றாக இருக்கிறது என்னும் கேள்வி அங்கே எழுவதே இல்லை. மாந்தர் எவரும் கைமுட்டியை ஊன்றி உறங்குவதில்லை என்பது இத்தனை பேருக்கும் எப்படித் தோன்றாமற் போயிற்று என்று எண்ணுந்தோறும் எனக்குச் சினம் மூள்கிறது. வயது முதிர்ந்தால் சினம் தணியும் என்பார்கள். என் அளவில் அது பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மகளிர் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த நாளில், என் முதுகுத்தண்டின் அடியில் ஒரு வலி வந்து குடியேறியது. நாள்முழுதும் கரும்பலகையின் முன் நின்றதன் பயன் என்று முதலில் நினைத்தேன். விடுமுறை வந்தது, நிற்பது நின்றது, வலி மட்டும் நிற்கவில்லை. சில திங்களில் அது இடப்பக்க இடுப்பெலும்புக்கும் இறங்கியது. காலையில் கட்டிலை விட்டு எழ வேண்டுமானால் முதலில் சுவரைப் பற்ற வேண்டும், பிறகு மூச்சை அடக்க வேண்டும், அதன்பிறகே காலைத் தரையில் வைக்க இயலும் என்றாயிற்று.

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு அணித்தே இருந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். உடன் வந்தவர் என் கணவர். மாநில அரசுப் பணியில் இருந்தவர். மருத்துவர் என்னைத் தொடவில்லை. எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் பிடித்துப் பார்த்துவிட்டு என் கணவரை நோக்கித் திரும்பினார்.

"ஃபோம், கீம் எல்லாம் வேணாம் சார். கட்டில்மேல ஒரு பலகை போடுங்க. அதுமேல ஒரு பெட்ஷீட். அவ்வளவுதான். ஹார்டா படுக்கச் சொல்லுங்க."

வலி என்னுடையது, அறிவுரை அவருக்கு. நான் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கமுடையவள் என்றும், மல்லாந்தால் வலி மிகும் என்றும் சொல்ல வாயெடுத்தேன். "பழகிடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கும் மணியை அடித்தார். எப்படிப் படுக்கிறாய் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். உறங்குவதற்கான அறிவுரையை, உறங்கும் முறையைக் கேளாமலே வழங்கும் துணிவு கற்றவர்க்கு மட்டுமே வாய்க்கும் போலும்.

அன்று மாலையே பலகை வந்தது. ஆண்டுக்கணக்கில் அதன்மேல் படுத்தேன். ஒருக்களித்தால் இடுப்பெலும்பின் முனை பலகையில் ஊன்றிக் கன்றிப்போகும். மல்லாந்தால் முதுகின் குழிவு தாங்குவாரின்றி அந்தரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே புரண்டு புரண்டு விடியலைக் கண்டேன்.

இதில் என்னை மிகவும் வருத்தியது பலகை அன்று. பலகையைச் சுற்றி எழுந்த ஒழுக்கப் பேச்சு. நம்மவரிடையே கடினம் என்பது நற்பண்பு; மென்மை என்பது சொகுசு. அதிலும் ஒரு பெண், அதிலும் அகவை முதிர்ந்தவள், மென்மையான படுக்கை வேண்டுமென்று கேட்டால் அவளுக்கு ஏதோ குறையிருக்கிறது என்று பொருள். வலிக்கு மருந்து கேட்டேன். எனக்கு ஒழுக்கத்தை அரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த என் கணவரின் தமக்கையார் வந்தபோதெல்லாம் பலகையைத் தட்டிப் பார்த்து மகிழ்வார்.

"இதுல படுத்தா முதுகு கல்லு மாதிரி ஆயிடும் பாரு."

"முதுகு கல்லாகறதுக்கா அண்ணி நான் வைத்தியம் பாக்கறேன்?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேச்சு. பாடம் நடத்தி நடத்தி வாயி மட்டும் நல்லா மெத்துமெத்துனு ஆயிடுச்சு."

அவர் நகைச்சுவை அறிந்தவர். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் வீட்டில் அவர் படுத்தது இலவம்பஞ்சு மெத்தையில் என்பதையும் சொல்லாமல் விட மாட்டேன்.

நான் ஓய்வு பெற்ற காலத்தில் நகரம் மாறிக்கொண்டிருந்தது. வைட்ஃபீல்ட் பக்கம் அடுக்ககங்கள் எழ எழ, அவற்றை நிரப்பக் கட்டில்களும் மெத்தைகளும் விற்கும் பெருங்கடைகள் நகரெங்கும் தோன்றின. நாளிதழில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. அவற்றில் ஓர் இளம்பெண் கன்னத்தின்கீழ்க் கைவைத்து ஒருக்களித்து உறங்கினாள். என்னைப் போலவே உறங்கும் ஒருத்தியை அச்சில் கண்ட அன்று, பலகை போதும் என்று என் கணவரிடம் சொன்னேன். எனக்கென ஒரு மெத்தையை நானே படுத்துப் பார்த்துத் தேர்வேன் என்றும் சொன்னேன். முதற்பகுதிக்கு அவர் உடன்பட்டார். இரண்டாம் பகுதி அவர் செவியில் விழவில்லை. அல்லது விழுந்தும் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றவில்லை.

"ஆஷாட சேல் போட்டிருக்காங்க. இப்பவே போயிடலாம்" என்றார்.

இந்நகரத்தில் வாழாதவர்க்காகச் சிறிது விளக்க வேண்டும். கன்னடியர்க்கு ஆஷாடம் நல்ல செயல்கள் விலக்கிய மாதம்; நமக்கு ஆடியைப் போல. வாங்குவார் இல்லாத மாதமாதலின் கடைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. அவர்களுடைய மாதம் நிலவைப் பின்பற்றுவது. நம்முடையது கதிரவனைப் பின்பற்றுவது. ஆகவே அங்கே ஆஷாடம் பிறந்த பின்னும் நமக்கு ஆனி எஞ்சியிருக்கும். அங்கே ஆஷாடம் முடிந்து நல்ல நாள் பிறந்த பின்னும் நமக்கு ஆடி தொடர்வதுண்டு. தலைமுறைகளாகப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டையும் போற்றும். இரண்டு பஞ்சாங்கங்களின் தடைகளையும் ஏற்றுக்கொண்டு, சலுகையை மட்டும் இழந்துவிடாமல் நடப்பதில் எங்களவர்க்கு நிகர் எவருமிலர்.

ஆனியின் கடைசி நாள்களில் கடைக்குப் போனோம். சிவாஜி நகரை அடுத்த பெருந்தெருவில், இரண்டு தளங்கள் கொண்ட கடை. உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் நெகிழி உறையிட்ட மெத்தை. கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர் ஒருவர் எதிர்கொண்டார். எனக்கு இடுப்பு வலி என்று நான் சொன்னேன். அவர் என் கணவரை அழைத்துக்கொண்டு நடந்தார்.

"பேக் பெய்னா சார்? அப்ப நீங்க வேற எதையும் பாக்கவே வேணாம். இது ஆர்த்தோ சார். டாக்டருங்களே இதத்தான் சொல்றாங்க. கைய வெச்சுப் பாருங்க."

என் கணவர் கைமுட்டியால் அழுத்தினார். மெத்தை அசையவில்லை. அவர் முகத்தில் நிறைவு தோன்றியது.

"நல்லா கல்லு மாதிரி இருக்கு. இதான் உனக்கு."

"நான் படுத்துப் பாக்கணும்" என்றேன்.

விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. துணிக்கடையில் புடவையை அங்கேயே உடுத்திப் பார்க்க வேண்டுமென்று கேட்டவளைப் பார்ப்பது போன்ற பார்வை.

"படுக்கறதா? அது... உக்காந்து பாருங்க மேடம். உக்காந்தாலே தெரிஞ்சிடும்."

"உக்கார்றதுக்கு நாற்காலி வீட்ல இருக்கு."

"கடையில போயி யாராச்சும் படுப்பாங்களா? நாலு பேரு வர்ற எடம்" என்று என் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

செருப்பு வாங்கச் சென்றால் காலில் இட்டு நடந்து பார்க்கிறோம். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறோம். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கப்போகும் பொருளை மட்டும் கையால் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். ஏனெனில் ஒரு பெண் நாலு பேர் காணக் கிடத்தல் ஆகாது. அன்று நான் மெத்தையின் விளிம்பில் அமர்ந்தேன். அமர்வதால் எதுவும் தெரியவில்லை. அதற்குள் என் கணவர் பணம் செலுத்தும் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

பதினைந்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் வேறு மெத்தை மாற்றித் தருவோம் என்று விற்பனையாளர் சொன்னபோது, அந்த ஒரு சொல்லால் என் மனம் ஓரளவு ஆறியது. வீட்டில், கதவை அடைத்துக்கொண்டு, நான் படுத்துப் பார்ப்பேன் அல்லவா? அவ்வளவில் அமைந்தேன். பிறகுதான் என் கணவர் கேட்டார்.

"ஆஷாடத்துல வீட்டுக்குள்ள கொண்டு வரவேணாம். உங்க கிட்டயே வெச்சிருந்து அப்புறம் அனுப்பறீங்களா?"

"அதுக்கென்ன சார். எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. குடோன்ல உங்க பேரு எழுதி ஒட்டி வெச்சிடறோம். ஷ்ராவணம் பொறந்ததும் வண்டி வந்துரும்."

வாங்கலாம், வீட்டுக்குள் கொண்டுவரல் ஆகாது. தீய மாதத்தின் தீமை விலைச்சீட்டைத் தீண்டாது, வீட்டு வாசலைத்தான் தீண்டும் என்னும் நுட்பத்தை எந்த நூலில் கண்டார்களோ அறியேன். மெத்தை கிடங்கில் கிடந்தது. நான் பலகையில் கிடந்தேன்.

ஆஷாடம் முடிந்து ஷ்ராவணம் பிறந்தது. கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வண்டி அனுப்பவா என்று கேட்டார்கள். அப்போது வீட்டில் இருந்த என் நாத்தனார் என் கணவரின் கையைப் பற்றித் தடுத்தார்.

"தம்பி, ஆடி இன்னும் முடியலடா. புதுப் படுக்கையப் போயி ஆடியில போடுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்னு சொல்லு."

"அண்ணி, ஆடியில படுக்கைய விலக்கி வெக்கறது புதுசா கல்யாணமானவங்களுக்கு" என்றேன். "எனக்குக் கல்யாணமாகி என் இடுப்பே தேஞ்சு போச்சு."

"தேஞ்சதோட தேஞ்சதா இன்னும் கொஞ்ச நாளு பொறு. இத்தன வருஷம் பொறுத்தியே."

இத்தனை ஆண்டு பொறுத்தாய், இன்னும் சிறிது பொறு என்னும் இச்சொல்லைப் போலக் கொடியது வலியுற்றவர்க்கு வேறொன்றில்லை. பொறுத்தவரையெல்லாம் மேலும் பொறுக்கச் செய்வதற்கே அவருடைய பொறுமை சான்றாகக் காட்டப்படுகிறது. என் கணவர் தொலைபேசியில், "ஆவணி ஃபர்ஸ்ட் வீக் அனுப்புங்க" என்றார். மறுமுனையில் அதற்கும் சரி என்றார்கள். சரி என்பதில் அவர்களுக்கு என்ன இழப்பு?

ஆவணியில் மெத்தை வந்தது. பலகையைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தபோது ஒரு பகைவனை வீட்டை விட்டு அனுப்புவது போல் இருந்தது. மெத்தையை மாற்ற நேர்ந்தால் அழுக்குப்படக் கூடாது என்று நெகிழி உறையைக் கழற்றாமல், அதன்மேல் விரிப்பைப் போட்டு ஒருக்களித்தேன். உறை ஒவ்வொரு அசைவுக்கும் சலசலத்தது; முதுகெல்லாம் வியர்த்தது. அவற்றைப் பொறுக்கலாம். ஆனால் இடுப்பெலும்பின் அடியில் பழைய பலகையே இருந்தது. அதற்கு நல்ல துணி உடுத்தி, அழகிய பெயரிட்டு, தைத்து அனுப்பியிருந்தார்கள். ஆர்த்தோ என்னும் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுவே: பலகைக்கு உறை.

மூன்றாம் நாள் காலை, சுவரைப் பற்றி எழுந்தவுடன் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். பதினைந்து நாள் கடந்துவிட்டது என்றார்கள். நேற்று முன்தினம்தானே வந்தது என்றேன். வந்த நாள் கணக்கில்லை, வாங்கிய நாள்தான் கணக்கு என்றார்கள்.

சொல்லுங்கள், இதில் யாரை நோவது? ஆஷாடத்தை நம்பிக் கிடங்கில் வைத்தவரையா, ஆடியைக் காட்டித் தடுத்தவரையா, இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் கெடுவை ஓடவிட்ட கடையையா? ஒவ்வொருவரும் தத்தம் முறையில் நேர்மையாகவே நடந்திருந்தார்கள். அவர்களுடைய நேர்மைகள் அனைத்தும் ஒன்றுகூடி என் இடுப்பின்மேல் வந்து இறங்கின. என் கணவர், "விடு, பழகிடும்" என்றார். மருத்துவர் சொன்ன அதே சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் புடவையை மாற்றிக்கொண்டேன்.

"எங்க கெளம்பற?"

"கடைக்கு. வந்தா வாங்க."

ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார்.

கடையில் இம்முறை மேலாளரே வந்தார். பணிவான மனிதர், பணிவை அரணாகக் கொண்டவர்.

"பில் டேட்ல இருந்து பதினஞ்சு நாள்தான் மேடம். நான் என்ன பண்ணட்டும்? கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"அந்தப் பதினஞ்சு நாளும் மெத்தை உங்க குடோன்ல இருந்துச்சு. குடோனுக்கு வந்தா நான் படுத்துப் பாக்கறது?"

"ஆஷாடத்துல எல்லாரும் அப்படித்தான் வெக்கறாங்க மேடம். வேணாம்னு சொன்னா கஸ்டமர் கோச்சுக்கறாங்க."

"எல்லாரும் வெக்கறாங்கன்னா, எல்லாருக்கும் கெடு குடோன்லயே முடிஞ்சு போகுது. அப்ப நீங்க மாத்தித் தர்றதா சொல்றது யாருக்கு?"

அவர் பணிவாகப் புன்னகைத்தார். அருகில் ஒரு கட்டில் இருந்தது. அதன்மேல் மென்மையான மெத்தை ஒன்று கிடந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். கைப்பையை என் கணவரிடம் கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மெத்தையின்மேல் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்தின்கீழ்க் கைவைத்துப் படுத்தேன்.

கிடந்த நிலையில் எனக்குத் தெரிந்தவை கால்கள் மட்டுமே. மேலாளரின் மெருகிட்ட காலணிகள் முன்னும் பின்னும் நகர்ந்தன. என் கணவரின் செருப்புகள் அசைவற்று நின்றன.

"மேடம், எழுந்திருங்க மேடம். கஸ்டமர்லாம் பாக்கறாங்க."

"நானும் கஸ்டமர்தான்."

"ஏம்மா, எழுந்திரு. மானம் போகுது" என்றார் என் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. வலி படுத்த ஒடனே சொல்லாது. அதுக்கு நேரம் வேணும்."

பொறுக்கச் சொல்லும் முறை ஒருமுறையேனும் எனக்கு வாய்த்தது. அந்த மெத்தை தோளுக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் சிறிது நேரத்தில் இடுப்பு அதில் மூழ்கி, தண்டு வளையத் தொடங்கியது. எழுந்தேன். மேலாளர் பெருமூச்சு விட்டார். நான் அடுத்த கட்டிலில் படுத்தேன்.

அப்போது, கழுத்து வலிக்கு வெண்ணிறப் பட்டி அணிந்த அம்மையார் ஒருவர் என் தலைமாட்டில் வந்து நின்றார். முன்பின் அறியாதவர், கன்னடத்தில் பேசினார்.

"ஹேகிதெ அம்மா?" எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் வலியைக் குறித்தோ படுக்கையைக் குறித்தோ அந்தக் கேள்வியை அதுநாள்வரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

இன்னும் சொல்ல முடியவில்லை என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு, நான் விட்டு வந்த மெத்தையில் மெல்ல மல்லாந்தார். அவருடைய கழுத்துப் பட்டியும் என் புடவைக் கொசுவமும் அருகருகே கிடக்க, அவர் கூரையையும் நான் சுவரையும் பார்த்தபடி இருந்தோம். மேலாளர் முதலாளிக்குத் தொலைபேசியில் பேச ஓடினார்.

அவர் திரும்பி வருவதற்குள் நான் என் மெத்தையைக் கண்டுகொண்டேன். கடையின் கோடியில், விளக்கு சரியாக எட்டாத மூலையில் கிடந்தது. மேலே நாலு விரல் அளவுக்கு மென்மை, அதன்கீழ் உறுதி. இடுப்பெலும்புக்கு அமிழ இடம் தந்தது. முதுகுக்கு வளைய இடம் தரவில்லை. வலி வந்து பேசும் வரை காத்திருந்தேன். நெடுநேரம் வரவில்லை.

"அது கெஸ்ட் ரூமுக்கு வாங்கறது மேடம்" என்றார் முதல்நாள் விற்பனையாளர், அதிர்ந்தவராய். "பேக் பெய்னுக்கு இல்ல."

"என் முதுகுக்கு அது தெரியலப்பா" என்றேன்.

மேலாளர் வந்தார். முதலாளி ஒப்புக்கொண்டதாகவும், பழைய மெத்தைக்கு இதை மாற்றித் தருவதாகவும் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"ஆனா மேடம், வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்புறம் எல்லாரும் வந்து படுக்க ஆரம்பிச்சிடுவாங்க."

அன்றிலிருந்து எவரைக் கண்டாலும் சொல்லி வருகிறேன்.

வலி போகவில்லை. போகுமென்று எந்த மெத்தையும் சொல்லத் தகாது, சொல்வது பொய். ஆனால் காலையில் எழும்போது சுவர் தேவைப்படவில்லை. நான் வேண்டியது அவ்வளவே. அதற்கு இத்தனை ஆண்டும், இரண்டு பஞ்சாங்கமும், ஒரு கடை நிறைய வியப்படைந்த முகங்களும் தேவைப்பட்டன.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் அந்த மெத்தையைக் காட்டுவார். "ரொம்பத் தேடி எடுத்தது" என்று கைமுட்டியால் ஓர் அழுத்து அழுத்துவார். வந்தவரும் கைமுட்டியால் அழுத்துவார். என் நாத்தனாரும் ஒருநாள் அழுத்திப் பார்த்து, "கொஞ்சம் மெத்துனுதான் இருக்கு, பரவாயில்ல" என்றார். படுத்துப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். இதுவரை ஒருவரும் படுக்கவில்லை.